முழங்கால் தண்ணீர்

"ஓட்டையை அடைச்சுக் குடுத்த பிறகும் குறை சொன்னா எப்படி, மேடம்?" என்றார் குஞ்சிதபாதம்.

தாட்சாயணி திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எதை வச்சு அடைச்சீங்க?"

"நான் எங்க அடைச்சேன்? பட்டனை அமுக்கினேன். அக்கம்பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து அதுவே நிரப்பிக்குது."

"சம்புவெளிக்கு அக்கம்பக்கம் என்ன?"

"இந்தப் பக்கம் ஆத்தங்கரை. அந்தப் பக்கம் புறவழிச்சாலை."

"ரெண்டும் மேடு."

"ஆமா."

"நடுவுல?"

குஞ்சிதபாதம் திரையைப் பார்த்தார்.

இரண்டு கரைகளுக்கும் நடுவே ஒரு மேட்டை இழுத்து, அதன்மேல் ஒரு ஊரையே தூக்கி வைத்திருந்தது கம்ப்யூட்டர். தாட்சாயணி ஒரு விசையைத் தட்டினார். மேடு போயிற்று. பழைய கறுப்பு ஓட்டை திரும்பி வந்தது.

"சரி. ஓட்டையை ஓட்டையாவே அனுப்பினா என்ன?"

"அதுல எத்தனை வீடு?"

"அறுபத்தொண்ணு."

"அப்போ அது ஓட்டை இல்லை."

வெளியே மழை. பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது வரைபட அறை. மாவட்ட அலுவலகத்தின் இரண்டாவது மாடி.

அணை நிரம்பிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மதகுகளைத் திறப்பார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அதற்குள் இந்த அறை சொல்லியாக வேண்டும். இரண்டு மணிக்குப் படம் கீழே, பஸ் அனுப்பும் அறைக்குப் போக வேண்டும்.

அரை மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடம் சிவப்பு. சிவப்புக்குப் பஸ் போகும்.

அதற்குக் கீழே நின்றால் மஞ்சள். மஞ்சளுக்கு ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ போகும். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும்.

குஞ்சிதபாதத்துக்கு வயது அறுபத்து மூன்று. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நில அளவையில் முப்பத்தைந்து வருஷம் செயின்மேனாக இருந்தார். சங்கிலி இழுத்தார், கல் நட்டார், அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். செயின்மேனாகவே ஓய்வும் பெற்றார்.

தரை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று தாட்சாயணிதான் அவரை இந்த அறைக்கு அழைத்துக்கொண்டார். மகள் வயதுப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறோமே என்ற குறை அவருக்கு முதல் வாரத்தோடு தீர்ந்தது. மற்றக் குறைகள் தீரவில்லை.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி இது.

"கம்ப்யூட்டர்ல தெரியறது போட்டோவா, மேடம்?"

தாட்சாயணி அலமாரியிலிருந்து ஒரு முட்டை அட்டையை எடுத்தார். முப்பது குழி உள்ள அட்டை. குழிக்கு ஒரு துண்டுச் சீட்டு வைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு எண்.

"இதுதான். ஒரு குழின்னா தரையில பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். சீட்டுல இருக்கிறது அந்த இடத்தோட உயரம். வேற ஒண்ணும் கிடையாது. நிறமெல்லாம் நாம பூசறது."

ஒரு சீட்டில் பூஜ்யம் இருந்தது. ஒரு குழியில் சீட்டே இல்லை.

"பூஜ்யமும் காலியும் ஒண்ணுதானே, மேடம்?"

"கடலோரத்துல உயரம் பூஜ்யம். அங்க போய் நிக்கலாம். இந்தக் காலிக் குழியில எங்க நிப்பீங்க?"

அந்த அட்டை இன்னும் தாட்சாயணியின் மேஜையில்தான் இருந்தது. சீட்டுகள் பழுத்துப்போயிருந்தன. காலிக் குழி காலியாகவே இருந்தது.

இன்றைய காலிக் குழி சம்புவெளி. உயரம் அளக்க வந்த விமானம் பறந்த இரண்டு பாதைகளுக்கு நடுவே அந்த ஊர் விட்டுப்போயிருந்தது. மாவட்டம் முழுக்க எண் இருந்தது. அங்கே மட்டும் இல்லை.

"பழைய சாட்டிலைட் படம் இருக்கே, மேடம். அதுல எடுத்துப் போட்டா?"

"போட்டுப் பாருங்க."

போட்டார். நாற்பத்தேழு மீட்டர் என்றது.

"சம்புவெளியில மலை இருக்கா, ஐயா?"

"இல்லை. தென்னந்தோப்பு இருக்கு."

"அப்போ இது தென்னை மண்டை. தரையைக் காட்டுங்க."

பக்கத்து மேஜையில் ஜமாலுதீன் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வரைவாளர். ஐம்பது தாண்டியவர். சர்க்கரை இல்லாத டீயும் சர்க்கரை தடவிய கிண்டலும் அவருடையவை.

"சம்புவெளி வி.ஏ.ஓ. எடுக்கலை. டவரே போயிடுச்சாம். ரோடும் காலையிலயே அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. சுத்திக்கிட்டுப் போக மூணு மணி நேரம் ஆகும்."

"கையாலயே சிவப்பு அடிச்சிடுங்களேன், மேடம்" என்றார் குஞ்சிதபாதம். மனசில்லாமல்தான் சொன்னார்.

"இருபது பஸ்தான் இருக்கு. நூறு ஊர் கேக்குது. எண் இல்லாத சிவப்பைக் கீழே இருக்கிறவங்க கிழிச்சுப் போட்டுடுவாங்க."

தாட்சாயணி நாற்காலியைத் திருப்பினார்.

"நடுவுல ஒரே ஒரு புள்ளி கிடைச்சா போதும். மிச்சத்தை அந்தப் புள்ளிக்கு இறக்கி நிரப்பிடலாம். வெள்ளத்துல அந்தத் தெருவுல நின்ன ஆள் ஒருத்தர் வேணும்."

ஜமாலுதீன் போனைக் கீழே வைத்தார்.

"மேடம், அதை இவர்கிட்டயா கேக்கறீங்க? தினம் மத்தியானம் நமக்கு ஊறுகாயே அதுதானே."

தாட்சாயணி சிரிக்கவில்லை.

அந்தக் கதை இந்த அறையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம். இதே ஆறு. சம்புவெளி தெய்வசிகாமணிதான் அப்போது சர்வேயர். வெள்ளத்தை அளக்க வேண்டும் என்று படகில் குஞ்சிதபாதத்தைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடம் தன் வீட்டு வாசல்.

படகில் இரும்பு பீரோ ஏறியது. டி.வி. பெட்டி ஏறியது. பிறகு இடம் இல்லை.

"அடுத்த நடை வர்றேன். கம்பை விட்டுடாத" என்றார் தெய்வசிகாமணி.

வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை குஞ்சிதபாதம் அந்த வாசலில் ஒரு மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் செருப்புப் போயிற்று. பிறகு அளவுக் கம்பு போயிற்று. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. முகவாயைத் தூக்கிக்கொண்டு மூச்சு விட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு மெமோ வந்தது. அரசுச் சொத்தான அளவுக் கம்பைத் தொலைத்ததற்கு.

மெமோவில் அவர் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக இன்னொரு மெமோ வந்தது. அதிலும் போடவில்லை. ஓய்வு பெறும் நாளில், கோப்பை மூட வேண்டும், ஒரு கையெழுத்துத்தானே என்று எழுத்தர் கெஞ்சினார். அப்போதும் போடவில்லை.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் தெய்வசிகாமணி எதிரே வந்து உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது. பல் எல்லாம் புதுசு.

"என்னப்பா, கம்பு கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் பாயசத்தை உறிஞ்சினார். பந்தி சிரித்தது.

குஞ்சிதபாதம் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"ஐயா" என்றார் தாட்சாயணி. "அன்னைக்குப் பாலத்துத் தூண்ல தண்ணி எவ்வளவு ஏறினதுன்னு பதிவு இருக்கு. நாற்பத்தொண்ணு புள்ளி இரண்டு மீட்டர். அதுல நீங்க நின்ன ஆழத்தைக் கழிச்சா அந்த இடத்துத் தரை."

"இன்னைக்கு எவ்வளவு வரும்?"

"சரியா நாற்பத்தொண்ணு."



சங்கிலி இழுத்தவனுக்குக் கழித்தல் சொல்லித்தர வேண்டியதில்லை. குஞ்சிதபாதம் குள்ளமானவர். கழுத்து என்றால் தரையிலிருந்து ஒன்று புள்ளி மூன்று ஐந்து மீட்டர். இன்று அந்த வாசலில் ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும்.

சிவப்பு. பஸ் போகும். இன்னும் அதே வீட்டில் இருக்கும் கிழவர் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வருவார். புதுப் பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்.

குஞ்சிதபாதம் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. அதற்குள் நாலாக மடித்த ஒரு காகிதம். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"எழுத்துலயே இருக்கு, மேடம்."

தாட்சாயணி குனிந்து படித்தார். தட்டச்சு மங்கியிருந்தது.

முழங்கால் அளவே தண்ணீர் இருந்த நிலையில், மேற்படி செயின்மேன் தமது கவனக்குறைவால் அளவுக் கம்பைத் தவறவிட்டது குறித்து விளக்கம் கோரப்படுகிறது.

"இது யார் எழுதினது?"

"தெய்வசிகாமணி. அந்த ஊர்க்காரர். அந்த வாசலுக்குச் சொந்தக்காரர். சர்வேயர். அவரை விடத் தெரிஞ்சவங்க யாரு?"

ஜமாலுதீனின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"அண்ணே. நீங்க கழுத்துன்னு தானே..."

"நான் சொன்னது ஊறுகா. இது காகிதம்."

"அண்ணே, விளையாடாதீங்க."

"நான் ஒண்ணும் சேர்க்கலையே, பாய். ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கலை. அவர் சொன்னதை அவர் ஊருக்கே போடறோம். இதுல என்ன தப்பு?"

இருபத்தாறு வருஷமாக அவர் சட்டைப்பையில் சும்மா கிடந்த காகிதம் இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறது.

தாட்சாயணி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

"முழங்கால்னா எவ்வளவு?"

"நாற்பத்தஞ்சு சென்டிமீட்டர்."

"அப்போ தரை நாற்பது புள்ளி ஏழு அஞ்சு."

"ஆமா."

தட்டினார். ஓட்டையின் நடுவே ஒரு எண் விழுந்தது. ஓரத்திலிருந்து கட்டம் கட்டமாக நிறைந்தது. இன்றைய தண்ணீரிலிருந்து தரையைக் கழித்தது. கால் மீட்டர்.

கறுப்பு போய் மஞ்சள் வந்தது. அறுபத்தோரு வீடும் மஞ்சள்.

குஞ்சிதபாதம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மேஜைப் போன் அடித்தது. ஜமாலுதீன் எடுத்தார்.

"கீழேருந்து. படம் ரெடியான்னு கேக்கறாங்க. மணி ஒண்ணே முக்கால் ஆயிடுச்சு."

"பத்து நிமிஷம்னு சொல்லுங்க."

தாட்சாயணி மெமோவைத் தன் பக்கம் திருப்பினார். விரலால் கீழ்ப்பக்கத்தைத் தொட்டார்.

"கையால போட்ட எண்ணுக்கு ஆதாரம் சேர்க்கணும். இதை நகல் எடுத்து அனுப்பறேன். ஆனா இதுல பெற்றவர் கையெழுத்து இல்லையே."

"அது எதுக்கு?"

"எழுதினவர் படகுல போயிட்டார். நின்னவர் நீங்க. நின்னவர் ஒத்துக்காத காகிதம் எப்படி ஆதாரமாகும்?"

காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். அதன்மேல் ஒரு பேனாவை வைத்தார்.

"போடுங்க."

குஞ்சிதபாதம் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கோடு. காலியான கோடு.

எத்தனை பேர் இந்தக் கோட்டைக் காட்டியிருக்கிறார்கள். மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், போட்டுத் தொலையேன்யா என்று தோளில் தட்டினார்கள். அந்தக் கோடு வரைக்கும் பேனா ஒரு நாளும் போனதில்லை. இன்று போயிற்று. முனை கோட்டைத் தொட ஒரு நெல் அளவு இருந்தது.

படிக்கக் கூடாது என்று நினைத்தார். கண் தானாகப் படித்தது. முழங்கால் அளவே.

மின்கம்பம் நெஞ்சில் அழுந்தியது. சேற்றின் வாடை வந்தது. முகவாய் தானாக மேலே தூக்கிக்கொண்டது.

ஜமாலுதீன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பது.

"மேடம்" என்றார் குஞ்சிதபாதம்.

"சொல்லுங்க, ஐயா."

"அந்த ஆளு என்னை அங்க விட்டுட்டுப் போனான், மேடம்."

"தெரியும்."

"பந்தியில வச்சுச் சிரிச்சான்."

"அதுவும் சொல்லியிருக்கீங்க."

"நான் இங்க பொய் ஒண்ணும் எழுதலை. எழுதினது அவன்."

"ஆமா. அவர் எழுதினார். கையெழுத்து நீங்க போடறீங்க."

பேனா நகரவில்லை.

தாட்சாயணி முட்டை அட்டையைக் கையில் எடுத்தார். அந்தக் காலிக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி வைத்தார். வைத்துவிட்டு, டீ வேணுமா என்று கேட்பது போலக் கேட்டார்.

"முழங்கால் தண்ணிதான்னா, ஐயா, அவர் மேல உங்களுக்கு என்ன கோபம்?"



குஞ்சிதபாதம் பேனாவை மூடினார். மெமோவைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். உறைக்குள் வைத்தார். உறையைப் பைக்குள் வைத்தார்.

எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். சுவரில் முதுகு ஒட்ட, அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் போல விறைப்பாக நின்றார்.

வலது கையைக் குறுக்கே வைத்தார். குரல்வளைக்கு ஒரு விரல் கீழே.

"டேப்பைத் தரையோட தரையா பிடிங்க, மேடம்" என்றார். "அன்னைக்கு நான் வெறுங்கால்."